பதினேழாம் கட்டத்துக் கால்கள்

கஸ்தூரி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பெக்கோக் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பன்னிரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் விளம்பரப் பலகை செய்யும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் இப்போது சிகாமட்டில் கடைப் பலகை, பாலர் பள்ளிச் சுவர் என்று வந்ததை வரைகிறாள்.

சிறிய படத்தைச் சுவருக்குப் பெரிதாக்க அவளுக்கு ஒரே முறைதான். படத்தின் நகலில் பென்சிலால் கட்டங்கள் போட்டு எண் கொடுப்பாள். சுவரிலும் அதே எண்களோடு பெரிய கட்டங்கள். வரையும்போது ஒரு கட்டத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் வெள்ளைத் தாளால் மறைத்துவிடுவாள். முழுப் படமும் கண்ணில் பட்டால் கை தன் இஷ்டத்துக்கு வரையத் தொடங்கிவிடும் என்பாள்.

சென்ற ஆண்டு ஒரு தமிழர் சங்கம் தன் மண்டபச் சுவருக்குப் பழைய கோட்டோவியம் ஒன்றைத் தந்தது. ஜொகூரில் தண்டவாளம் போட்ட காலத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் வரைந்தது. மூலையில் 1906 என்றிருந்தது. மண்மேட்டில் கட்டை சுமக்கும் ஆட்கள். கீழோரத்தில் நீட்டிப் படுத்த ஒருவன். அவனருகே குந்தியிருக்கும் இருவர். அடியில், ‘கூலிகளின் நண்பகல் ஓய்வு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

பத்தொன்பது நாளில் சுவர் முடிந்தது. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும், முன்பு அவள் தோட்டத்திலேயே குடியிருந்த புஷ்பவள்ளி தேநீர் கொண்டுவந்து வைத்தவர், கீழே கிடந்த நகலை எடுத்துப் பார்த்தார்.

“ஏ கஸ்தூரி, இந்தாளு தூங்கலடி. கால் கட்டை விரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்காங்க பாரு.”

“கயிறு கெடக்குதுன்னு நெனச்சேங்க்கா. வேணாம்னு விட்டுட்டேன்.”

“கயிறா? ஒங்கப்பாவுக்கு நீதானடி கட்டின?”

உண்மைதான். வெள்ளம் பாதையை மூடிய அந்த ஆண்டு, பெக்கோக்கில் அப்பா இறந்தபோது உறவினர் யாரும் வந்து சேர முடியவில்லை. வேட்டிக் கரையைக் கிழித்து அவளே கட்டினாள். அந்தக் கைதான் பதினேழாம் கட்டத்தில் முடிச்சைக் குப்பையென்று தள்ளியிருந்தது. போதாததற்கு, ஓய்வுதானே என்று குந்தியிருந்த இருவர் முகத்திலும் சிரிப்பை வைத்திருந்தது.

சங்கச் செயலாளர் குணாளனிடம் ஓடினாள்.

“அண்ணே, அது பொணம். நான் தப்பா வரைஞ்சிட்டேன். ஒரு நாள் குடுங்க, திருத்திடுறேன்.”

“அலமாக்! சனிக்கிழமை ஒய்.பி. வர்றாரு லா. பொணத்தையா தெறந்து வைக்கச் சொல்ற? கீழ ஓய்வுன்னுதான போட்டிருக்கு?”

“போட்டவருக்கு வெளங்கலண்ணே. கண்டத வரைஞ்சிட்டாரு, அவ்ளோதான்.”

“நூறு வருஷத்துக்கு மேல தூங்கிட்டான். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், விடு.”

அவளால் விட முடியவில்லை. அந்த மேட்டில் யாரோ ஒருவன் தன் துணியைக் கிழித்திருக்கிறான். பெற்றவர்களும் பிள்ளைகளும் கடலுக்கு அப்பால் இருக்க, அந்த இருவரில் ஒருவன் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறான். முடிச்சில்லாத சுவரில் செத்தவனும் இல்லை, செய்தவனும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் யாரிடமும் கேட்காமல் சுவரடியில் உட்கார்ந்தாள். இரண்டு சிரிப்பையும் அழித்தாள். விரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியை வரைந்தாள்.

மறுநாள் காலை வந்தபோது சுவரோரம் காகிதப்பூத் தொட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஓர் அடி இடைவெளியில். படுத்தவனின் கால்களுக்கு முன்னால் மட்டும் இரண்டு தொட்டிகள் நெருக்கி வைக்கப்பட்டிருந்தன. குணாளன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. ஒய்.பி.யாக வந்த சட்டமன்ற உறுப்பினர் ஒலிபெருக்கியில், உழைத்துக் களைத்து ஓய்வெடுக்கும் முன்னோரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கூட்டம் கைதட்டியது.

கஸ்தூரி எழுந்துபோய் முதல் தொட்டியைத் தூக்கி அப்பால் வைத்தாள்.

குணாளன் பல்லைக் கடித்துக்கொண்டு அருகில் வந்தார். “இனிமே சங்கத்து வாசப்படி மிதிக்க மாட்ட, தெரியுதா?”

“தெரியுதுண்ணே.”

இரண்டாவது தொட்டி தூக்க முடியாத கனம். சிமெண்டுத் தரையில் அவள் அதை இழுத்த சத்தத்தில் பேச்சு நின்றது. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிச் சுவரின் அடியைப் பார்த்தார்கள்.