ஷமீம் அக்காவுக்குப் பிடிக்காதவன்

வேங்கிக்கால் வீட்டில் மகள் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுத்த பெண்ணின் வாசலில் நாயகன் கையை அறுத்துக்கொண்டான். எனக்கு ஷமீம் அக்கா ஞாபகம் வந்தது.

கீழ்பென்னாத்தூரில் தையல் வகுப்புக்குப் போகும் அக்காவின் பின்னாலேயே ஒருவன் வருவான். ஒருநாள் எங்கள் வாசலில் பிளேடால் கையைக் கிழித்துக்கொண்டான். காயத்துக்கு டெட்டால் போட்டுவிட்ட அத்தா இளகிப்போனார்.

"இவ்ளோ ஆசையா இருக்கான், வேற யாரும்மா கெடைப்பாங்க?"

"அவனப் பாத்தாலே பயமா இருக்கு அத்தா."

ஆனாலும் கல்யாணம் நடந்தது. வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். ஒரு மத்தியானம் ஸ்டவ்விலிருந்து புடவையில் தீப்பற்றியது. தெருக்காரர்கள் பூட்டை உடைப்பதற்குள் அக்கா போய்விட்டாள்.

"எவ்ளோ லவ்வு பாரும்மா," என்றாள் மகள்.

படத்தை நிறுத்தினேன். "உனக்கு ஒரு பெரியம்மா இருந்தாங்க," என்று சொல்லத் தொடங்கினேன்.