படம் எடுக்க ஒரு படிக்கும் மூலை

எங்கள் பள்ளி முதல்வர் மேடத்தின் போனில் ஒரு ஆப் இருக்கிறது. யார் யாரோ தங்கள் வீட்டையும் வகுப்பறையையும் சமையலறையையும் அலங்கரித்து எடுத்த படங்களைப் பொறுக்கி, அதில் தலைப்பு வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறார். காலையில் எழுந்து பார்த்தால் ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் கிடக்கும். கீழே, ‘லெட்ஸ் ட்ரை திஸ்’. ட்ரை பண்ண வேண்டியது நாங்கள்.

அந்தப் படங்களில் வகுப்பறை என்றால் கம்பளம், மேசை விளக்கு, ஜன்னலுக்கு வெளியே பனி. பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மேடவாக்கத்துச் சந்தில், பெஞ்சில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்து வியர்த்து வழியும் என் இரண்டாம் வகுப்புக்கு அதைக் கொண்டுவர வேண்டுமாம். ஒரு டிசம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர் வடிந்த கையோடு பஞ்சில் பனிமனிதன் செய்யச் சொன்னார். செய்தோம். பிள்ளைகள் அதைப் பிள்ளையார் என்றார்கள்.

நானும் அந்த ஆப்பைப் பார்க்காதவள் இல்லை. ஆனால் படத்தில் இருப்பது எதற்கு உதவும் என்று மட்டும் பார்ப்பேன், மினுக்கை அங்கேயே விட்டுவிடுவேன். கதவுக்குப் பின்னால் செருப்பு செருக வரிசையாகப் பை தைத்துத் தொங்கவிட்ட படம் ஒன்று. அதைப் பார்த்து, பழைய ஜன்னல் திரையை வெட்டி இரண்டு தைத்தேன். ஒன்று என் சமையலறைக் கதவில்: பூண்டு, மிளகாய்த்தூள் பாக்கெட், லைட்டர். தேடுகிற வேலை ஒழிந்தது. இன்னொன்று வகுப்பு ஜன்னல் கம்பியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், பைக்கு ஒரு கதைப்புத்தகம்.

சாயந்திரம் ஸ்கூல் வேன் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வரும். வேன் பிள்ளைகள் அதுவரை என் வகுப்பில் காத்திருப்பார்கள். அந்த நேரம்தான் புத்தகத்துக்கு. கோவிலம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு சிறுமி, எழுத்துக்கூட்டச் சொன்னாலே அழுகிறவள், தானாகவே எழுந்து போய், காணாமல்போன ஆட்டுக்குட்டியின் கதையை உருவி, விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். வேன் வருவதற்குள் ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். அதைப் பார்ப்பதற்காகவே நான் நோட்டுத் திருத்துவதுபோல உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கோடை விடுமுறைக்குப் பள்ளி மூட ஒரு வாரம் இருக்கையில் கடைசிப் பக்கம்தான் பாக்கி.

அப்போதுதான் மேடம் வந்தார். அட்மிஷனுக்குப் பெற்றோர் பார்க்க வருகிறார்களாம், என் பைகள் ஷாபியாக, கந்தல் மாதிரி இருக்கின்றனவாம், போட்டோவில் நன்றாக வராதாம். மறுநாள் ஜன்னல் காலி. மூலையில் வெள்ளைத் துணியில் ஒரு கூடாரம், சீரியல் லைட், குஷன், உள்ளே சின்ன அலமாரி. படத்தில் இருந்ததேதான். குஷன் அழுக்காகிவிடும் என்று வாசலில் கயிறு வேறு. பெயர் ரீடிங் கார்னர், உள்ளே போய் ரீட் பண்ணக் கூடாது.

போகட்டும், புத்தகத்தையாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் கை நீட்டினேன். வரவில்லை. முன்னட்டை தெரியும்படி நிறுத்தி, எல்லாவற்றையும் க்ளூ கன்னால் அலமாரியோடு ஒட்டியிருந்தார்கள். ஃபேன் காற்றில் திறந்துகொள்கிறது என்று ஓரங்களிலும் ஒரு சொட்டு. படித்தவர்கள் செய்த வேலை இது. புத்தகம் எதற்கு என்பதே தெரியாதவர்களிடம் பள்ளிக்கூடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வேறு பிரதி கேட்டதற்கு, ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேடம்.

வேன் பிள்ளைகள் கைகட்டிக் கூடாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சிறுமி மட்டும் என் மேசைக்கு வந்தாள். ஆட்டுக்குட்டி வீட்டுக்கு வந்துவிட்டதா என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் முடிவைச் சொல்ல வாயெடுத்தேன்.

“நீங்க சொல்லாதீங்க மிஸ். நானே படிச்சுக்கறேன்.”

பள்ளியின் கடைசி நாள் சாயந்திரம் பெற்றோர் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் புத்தகத்தோடேயே வாழ்கிறார்கள் என்று மேடம் கூடாரத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்கிற பிள்ளைகள் பெஞ்சில் கைகட்டி இருந்தார்கள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. இனி ஜூன்தான். அவள் பையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டிப் போய் அந்தப் புத்தகத்தைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று கிழிந்து புத்தகம் கையோடு வந்தது. பின்னட்டை மட்டும் அலமாரியிலேயே நின்றுவிட்டது. கதையின் கடைசிப் பக்கம் அந்த அட்டையின் உள்பக்கத்தில்தான் அச்சாகியிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை.

சிறுமி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். குஷனைத் தள்ளிவிட்டு, அலமாரி முன் மண்டியிட்டு, விரலை வைத்து, சத்தமாக எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். அந்த மூலையில் ஒரு பிள்ளை படித்தது அதுதான் முதல் தடவை. மேடத்துக்குக் கோபம் எங்கே போயிற்றோ, சட்டென்று போனை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று எடுத்தார். லைட் அருமையாக விழுகிறதாம். பிறகு, “ஓகே பாப்பா, எடுத்தாச்சு, வெளிய வா” என்றார்.

அவள் விரலை எடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

“இருங்க மேம், இன்னும் ஒரு வரி கீது.”