ஐந்து மாதக் குழந்தைக்கென்று ஒரு மருந்து

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துப் பார்க்கும்படி ஒரு தாயை டொக்டர்மார் அழைப்பது வழக்கமா என்று எனக்குத் தெரியாது. என்னை அழைத்தார் ஒருவர். யுத்தக் காலம். ஐந்து மாதமேயான என் மகளுக்கு இரத்தப் புற்றுநோய்.

கொட்டாஞ்சேனை வீட்டில் குளிக்க வார்க்கும்போதுதான் அவளுடைய தொடையிலும் முதுகிலும் அடிபட்டுக் கன்றியதுபோல நீலத் திட்டுகளைக் கண்டேன். சில நாட்களில் ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் கிராண்ட்பாஸிலிருந்து வந்த நான்கு வயதுப் பையன். அவனுக்கும் இதே நோய்தான். மருந்து பிடித்து, கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான்.

“டொக்டர், அந்தப் பிள்ளைக்குக் குடுக்கிற மருந்தையே இவளுக்கும் குடுங்களேன்” என்று கெஞ்சினேன்.

டொக்டர் வெள்ளவத்தைக்காரி. மெலிந்தவர், எப்போதும் அவசர நடை. அன்றைக்கு மட்டும் ஆறுதலாகக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“பேர் ஒண்டுதான் அம்மா, நோய் வேற. கைக்குழந்தையளுக்கு வாறது முரட்டு நோய். அந்த மருந்தைக் கொஞ்சமாக் குறைச்சுக் குடுத்தாச் சரிவராது. முதல் ஒரு கிழமை ஒரு மருந்து மட்டும் குடுப்பம். அதுக்கு இவளின்ட இரத்தம் என்ன மறுமொழி சொல்லுதெண்டு பாத்துத்தான் மிச்சத்தை முடிவெடுப்பன்.”

“மறுமொழி சொல்லாட்டி?”

“சொல்லாட்டிக் கஷ்டம்” என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.

அந்த மருந்துக் குளிசையைத் தூளாக்கி, தண்ணீரில் கரைத்து ஊட்டினேன். அவள் பாதியைத் துப்பினால் மறுபடி கரைத்துத் தரச்சொல்லி நேர்ஸிடம் ஓடினேன். ஏழு நாளும் கழிந்து கிழமை முடிந்த அன்று காலை நகரத்தில் குண்டு வெடித்தது. வீதிகளை மூடிவிட்டார்கள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போன என் கணவரால் வரமுடியவில்லை. டொக்டரும் வரமாட்டார் என்றார்கள்.

மத்தியானம் டொக்டர் வெள்ளவத்தையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். சேலைக் கரையெல்லாம் புழுதி. நேரே பரிசோதனை அறைக்குள் போனவர், கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடி வந்தார்.

“அம்மா, பிள்ளையத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ!”

ஓடினேன். மருந்து தொடங்குமுன் எடுத்த இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் காட்டினார். நோய் அணுக்கள், ஊதா நிற வட்டங்களாக, இடைவெளியின்றி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கண்ணாடித் தகட்டை மாற்றி, அன்று காலை எடுத்த இரத்தத்தை வைத்தார். இப்போது எங்கும் வெளிர் சிவப்பு. ஊதா வட்டத்தைத் தேடவேண்டியிருந்தது.

“மறுமொழி சொல்லிட்டாள்! சொல்லிட்டாள் உங்கட மகள்!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் சிரித்தேனா அழுதேனா, ஞாபகமில்லை. இரண்டும்தான்.

பாதை அதோடு முடியவில்லை. பிறகு போட்ட ஓர் ஊசி மருந்தால் பிள்ளையின் கால்கள் சோர்ந்துபோயின. டொக்டர் அவளுக்கு மட்டும் அந்த மருந்தைக் குறைத்தார். நோய் திரும்பிவிடுமே என்று அவரிடம் முறையிட்டேன்.

“பயம் எனக்கும் இருக்கு. ஆனா இவள் உயிரோட இருந்தா மட்டும் போதாது, நடக்கவும் வேணும்” என்றார்.

நோய் திரும்பவில்லை. பின்னொரு நாள் கிளினிக்கில், என் விரலை விட்டுவிட்டு மகள் அவர் மேசையை நோக்கித் தள்ளாடித் தள்ளாடி நடந்தாள். டொக்டர் எழுந்து நின்று கைதட்டினார். வரிசையில் இருந்த தாய்மாரெல்லாம் தட்டினார்கள்.

இன்று வேலைக்குப் போகும் என் மகள் காலையில் பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுகிறாள். பார்த்துப் போ என்று மற்றத் தாய்மாரைப்போல நான் கத்துவதில்லை. வாசலில் நின்று, அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.