பேட்டரி மாற்றிய ஆசிரியர்

தென்காசியில் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்த பள்ளி ஆசிரியருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஒல்லியான மனிதர். சட்டைக் காலர் எப்போதும் மொடமொடவென்று நிற்கும். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

ஒரு சாரல் நாளில் அவருடைய செல்போன் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. போகிற வழியிலிருந்து வாட்ஸ்அப் வரை அவருக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது அந்தப் போன்தான்.

"கடையில குடுத்தா ரெண்டு நாளாகும்ங்காங்க. அதுவரைக்கும் நான் எங்கன போவேன் அண்ணாச்சி? புது பேட்டரி வாங்கிட்டேன். நானே மாத்துதேன், நீங்க சும்மா பக்கத்துல இருங்க."

உப்பிய பேட்டரியில் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு வாளி மணலோடு போய் உட்கார்ந்தேன்.

போனை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் மூடியை நெம்பி எடுத்தார். கழற்றிய திருகுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டார். விரல் நுனியால் தடவித் தடவி இணைப்பை விடுவித்தார். உப்பிய பேட்டரியை வளைக்காமல், அவசரமே இல்லாமல் பிரித்தெடுத்து மணலில் வைத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. புதியதைப் பொருத்தி மூடி, பொத்தானை அழுத்தியதும் போன் நேரத்தைச் சொன்னது. அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, உள்ள பாக்கதுக்கு எப்படி இருந்துச்சு? என்ன கலரு?"

அவ்வளவு நேரமும் அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கவனிக்கலையே சார்" என்றேன்.

போனின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த விரல்களை மட்டும் என்னால் வரைந்து காட்ட முடியும்.