மலையண்ணன் பெயர்

இலவசச் சட்ட உதவி மையத்தின் மனுத்தாளில் முதல் கட்டம், மனு கொடுப்பவரின் பெயர். இரண்டாவது கட்டம், யார்மேல் மனு என்பது. முதல் கட்டத்தை நிரப்ப அரை நிமிஷம் போதும். இரண்டாவதற்குச் சில பெண்கள் ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்துக்கொண்டதைப் புருல் பார்த்திருக்கிறாள்.

மையத்தின் சாம்பல் நிற வேன் வாரம் மூன்று நாள் நாரின் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிராமங்களுக்குப் போகும். முன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு வழக்கறிஞர் ரசூல், பின்னால் தட்டச்சுக்காரி புருல், நடுவில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் தேநீர்க் கெண்டியும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவள் வேலை. வருகிற பெண்ணுக்கு முதலில் தேநீர். பிறகு பிள்ளைகளைப் பற்றி, ஆடுகளைப் பற்றி, பனியைப் பற்றிப் பேச்சு. அதற்கப்புறம்தான் இரண்டாவது கட்டம். அங்கே வந்ததும் பெண்ணின் கண் ஜன்னலுக்குப் போய்விடும். வாழ்க்கைப்பட்டு வந்தவள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். கணவனுக்கு மூத்த ஆண் எவர் பெயரையும் சொல்லமாட்டாள். வழக்கு பெரும்பாலும் அவர்கள்மேல்தான்.

அதற்குப் புருல் ஒரு வழி வைத்திருந்தாள். அந்த ஊர் வாக்காளர் பட்டியலை எடுத்து ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, தாலாட்டுப் போல, மெல்ல வாசிப்பாள். உரிய பெயர் வந்ததும் எதிரே இருப்பவளின் இமை ஒரு தடவை தாழும். புருல் தட்டச்சு செய்வாள்.

தான் குடியிருக்கும் கோக்-தாலாவில் மட்டும் அது நடக்காது. கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே மருமகளாக வந்தவள் அவள். கணவன் எசெனின் வழியில் பதினேழு ஆண்களின் பெயர்கள் முப்பத்திரண்டு வருஷமாக அவள் வாய்க்கு வந்ததில்லை. மூடுபனியில் வேன் ஊர்ந்து போகும்போது சில சமயம் அரைத்தூக்கத்தில் அவளுக்குத் தோன்றும்: பனிக்கு ஒண்டிய ஆடுகள் மாதிரி அந்தப் பதினேழும் நாக்குக்குப் பின்னால் நெருக்கி நின்றுகொண்டு, ஆவி விட்டுக்கொண்டிருக்கின்றன என்று.

உல்ஜான் வந்தது அந்தக் கோக்-தாலாவில்தான். முப்பத்துநாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள். கணவன் தாலய் இலையுதிர்காலத்தில் குதிரையோடு ஆற்றில் போய்விட்டான். அவன் கட்டிய வீட்டைத் தன் மகன் கல்யாணத்துக்கு வேண்டுமென்று தாலயின் அண்ணன் எழுதி வாங்கப் பார்த்தார். உல்ஜான் தாய்வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகள் வேண்டுமானால் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். கணவன் செத்து ஆறு மாதத்துக்குள் அவள் பங்கு கேட்டாக வேண்டும்.

யாரிடமும் சொல்லாமல் அவளே ஒரு மனு எழுதித் தபாலில் போட்டிருந்தாள். அது திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது கட்டத்தில் அவள் ‘மலையண்ணன்’ என்று எழுதியிருந்தாள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் தாலயின் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். ‘இந்தப் பெயரில் நபர் யாரும் பதிவில் இல்லை’ என்று நீதிமன்றம் முத்திரை குத்தி அனுப்பியிருந்தது.

“கையால எழுதறதுக்கு என்னடீ? நாக்கா அது?” என்றாள் புருல்.

“எழுதும்போது மனசுக்குள்ள சத்தமா கேக்குதே, எஜே.”

எஜே என்றால் அக்கா. அந்த முறையில் கோபப்படப் புருலுக்கு ஆசைதான். ஆனால் மலையண்ணன் எசெனுடைய பெரியப்பா மகன், எசெனைவிட நாலு வயது மூத்தவர். பதினேழில் அவரும் ஒருவர். அவள் ஜன்னலில் வழியும் ஈரத்தைப் பார்த்துக்கொண்டே விரல்களை மட்டும் ஓடவிட்டாள். விரல்கள் அவர் பெயரை அடித்து முடித்தன.

“ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க,” என்றார் முன்சீட்டிலிருந்து ரசூல். “நான் கத்தட்டுமா அந்தப் பேரை? ஊர் எல்லை வரைக்கும் கேக்கும்.”

“வண்டியை ஓட்டுங்க தம்பி. உங்களுக்கு வாய் இலவசம்.”

பிப்ரவரிக் கடைசியில் நீதிபதி கிராமத்துக்கே வந்தார். கலாசார மன்றத்தின் மேடையில் ஒரு மேஜை, பக்கத்தில் கரி அடுப்பு. பெஞ்சுகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. நனைந்த கம்பளி வாசம். வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்ததால், கூடமே மேகத்துக்குள் மிதக்கிற மாதிரி இருந்தது. ஆறு மாதம் முடிய இன்னும் நாலு நாள். இன்று மனுவைத் தள்ளிவிட்டால் இன்னொன்று போட நேரமில்லை, வீடு போய்விடும்.

மலையண்ணன் நரித்தோல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பேசினார். குரல் தேனாக இருந்தது.

“மேடம், இது குடும்பத்துப் பொண்ணு. இவளுக்கு என்மேல ஒரு குறையும் கிடையாது. இந்த வேன்காரங்க அவங்களா எழுதிக் கொண்டாந்தது. யார்மேல வழக்குன்னு அவ வாயால ஒரு தடவை சொல்லட்டும். சொல்லிட்டா நான் பதில் சொல்றேன்.”

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ரசூல் துள்ளி எழுந்தார். “எழுத்துல இருக்கு, கையெழுத்து இருக்கு!”

“முதல் மனுவுல ஒரு பேரு, ரெண்டாவதுல வேற பேரு,” என்றார் நீதிபதி சமாரா. நாற்பது வயதிருக்கும், மூக்கு குளிரில் சிவந்திருந்தது. “நான் கேட்டுத்தான் ஆகணும். உல்ஜான், யார்மேலம்மா?”

உல்ஜான் தாடையால் காட்டினாள்.

“தாடை பதிவுல ஏறாது.”

“மலையண்ணன்மேல.”

“அவரை நாங்க தேடிட்டோம். கிடைக்கல.” யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. “எனக்கும் மாமனார் இருக்காரும்மா. வீட்டுல நானும் பேர் சொல்றதில்ல. ஆனா இந்தப் பதிவேட்டுக்கு மாமனார் கிடையாது. அதுக்கு முன்னால நீயும் அவரும் ஒண்ணுதான். சொல்லு.”

உல்ஜானுக்குத் துணையாக ஒட்டி உட்கார்ந்திருந்த புருல் அவள் உதடுகளைப் பார்த்தாள். அடுப்பில் ஒரு கரித்துண்டு சரிந்தது. மூடுபனிக்குள் எங்கோ ஒரு குதிரை தும்மியது.

“இமான்...” என்றாள் உல்ஜான்.

அதோடு நின்றுவிட்டது. வாய் திறந்தபடியே இருந்தது. பாதிப் பெயர் கூடத்தில் புகை மாதிரி தொங்கியது. அவள் உள்ளங்கை பெஞ்சைத் தடவித் தடவிப் புருலின் கையைப் பிடித்தது.

புருல் எதையும் தீர்மானிக்கவில்லை. பின்னாளில் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும், தீர்மானித்ததாக அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தூக்கத்தில் கதவைத் திறந்துவிடுகிறவள் மாதிரி அவள் வாய் அசைந்தது.

“...பெர்தி.”

“என்ன?” என்று மலையண்ணன் எழுந்து நின்றார்.

அவர் முகம் ஒரு கணம் வேறாக இருந்தது. ரொம்பத் தூரத்திலிருந்து யாரோ கூப்பிட, எந்தப் பக்கத்திலிருந்து என்று தேடுகிறவர் முகம். அவர் அம்மா போனபிறகு ஒரு பெண்குரல் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுத்த கணம் அவருக்கே உறைத்தது. கீழே விழுந்த தொப்பியை எடுக்கக் குனிகிறவர் போல உட்கார்ந்தார்.

“எந்திரிச்சீங்களே,” என்றார் நீதிபதி.

“கால் மரத்துப்போச்சு.”

“பேர் சொன்னதும் கால் மரத்து எந்திரிச்சார்னு எழுதிக்கட்டுமா?”

இப்போது ஊரே சிரித்தது. அவர் காது சிவந்தது. “பாதியைத்தான் இவ சொன்னா! மிச்சத்தை அந்த டைப் அடிக்கிறவ சொன்னா!”

“அப்போ ரெண்டையும் சேத்தா உங்க பேர்தான்?”

நீதிபதி உல்ஜான் பக்கம் திரும்பினார். “இவர்மேலதானா?”

“ஆமா. இவர்மேலதான். என் வீட்டுக்காக.” குரல் இப்போது தெளிவாக இருந்தது.

அன்று மத்தியானம் சாட்சிகள் வந்தார்கள். தாலயோடு சேர்ந்து செங்கல் அறுத்தவன், கூரைக்கு மரம் கொடுத்தவன். மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வீடு உல்ஜான் பெயரிலும் இரண்டு பெண்கள் பெயரிலும் ஏறியது.

புருலுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. எசெனின் சொந்தத்தில் நடந்த முதல் விருந்தில் அவள் பியாலாவில் யாரும் தேநீர் ஊற்றவில்லை. கடைசியில் எசெனின் அத்தைதான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

“நிஜமாவே பேரைச் சொல்லிட்டியாடீ?”

“நான் பாதிதான் சொன்னேன்.”

“அவளைக் கேட்டா அவளும் அதையேதான் சொல்றா. அப்போ முழுசாச் சொன்னது யாரு?”

எசென் ரொட்டியை மென்றுகொண்டே, “அரசாங்கம்,” என்றான். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெண்டி இந்தப் பக்கம் வந்தது. என்றாலும் எல்லோரும் சிரிக்கவில்லை. மலையண்ணன் வீட்டில் சிலர் இன்றைக்கும் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறார்கள். அது வலிக்கிறதா என்று அவள் தனக்குள் தொட்டுப் பார்ப்பாள். சில நாள் வலிக்கும்.

ஏப்ரலில் ஒருநாள், பனி உருகிச் சேறாகிக் கிடந்த காலையில், வேன் கோக்-தாலா வழியாகப் போனது. மூடுபனி முற்றங்களில் இன்னும் படுத்திருந்தது. உல்ஜான் வீட்டு வாசலில் மலையண்ணன் ஒரு பை உருளைக்கிழங்கோடு நிற்பதைப் புருல் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்த வாசலில் அவர் நின்றதே கிடையாது. நேரே உள்ளே போய் அடுப்படி வரைக்கும் நடப்பவர். இப்போது அவர் தொண்டையைச் செருமினார். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை செருமிவிட்டு, பையைக் கீழே வைக்காமல், கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேன் திருப்பத்தில் திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.