வக்தியின் இரண்டாம் மனைவி

வக்திக்கு இரண்டாம் மனைவி வந்துவிட்டாள் என்று முதலில் கண்டுபிடித்தவர் மீன் வியாபாரி பய்யூமி. ஆதாரமும் பலமாகத்தான் இருந்தது. காலமெல்லாம் அலெக்சாந்திரியாவில் ட்ராம் ஓட்டியவர் வக்தி. ஓய்வுபெற்ற பின் காப்பிக் கடை நாற்காலியே கதி என்று கிடந்தார். அப்படிப்பட்டவர் திடீரென்று விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் கைவீசி நடக்கிறார். கல்லீரல் வறுவல் ரொட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போதாததற்கு, ஜனவரிப் புயல் ஜன்னலை உலுக்கும் நேரத்தில் கோட்டைக் கழற்றி, கம்பளிச் சட்டையையும் கழற்றிவிட்டு, செய்தித்தாளால் விசிறிக்கொள்கிறார்.

"மாத்திரை போடுறான்யா," என்று பய்யூமி கண்ணடித்தார். "பொண்ணு சின்ன வயசு போலிருக்கு."

நடந்தது வேறு. போன கோடையில் சிறுநீர் சரியாகப் போகாமல் டாக்டர் நெவீனிடம் போனார் வக்தி. பெண் டாக்டர் என்று தெரிந்ததும் வாசலிலேயே திரும்பப் பார்த்தவரை மனைவி இன்ஸாஃப் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே தள்ளினாள். புராஸ்டேட் சுரப்பியில் புற்று. கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஆண் ஹார்மோன் சுரப்பதை அடக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி. ஊசியோடு வந்ததுதான் அந்தச் சூடு. நெஞ்சில் கிளம்பி, கழுத்தேறி, காதுமடல் வரை தீப்பிடித்து, சட்டை நனைந்த பிறகுதான் அடங்கும்.

பல வருடங்களுக்கு முன் இன்ஸாஃபுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் இதே சூடு வந்தபோது, "இன்ஜின் கொதிக்குது, தண்ணி ஊத்துங்க," என்று ஊர்முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் வக்தி. இப்போது அவர் வியர்த்து உட்கார்ந்திருக்க, அவள் எதிரில் நாற்காலி போட்டு அமர்ந்தாள்.

"எப்படி இருக்கு, ட்ராம்காரரே?"

"செத்துருவேன் போலிருக்குடி."

"யாரும் செத்ததில்ல. எனக்கு நாலு வருஷம் இருந்துச்சு. நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

சொல்லிவிட்டு ஈரத்துணியால் பிடரியைத் துடைத்துவிட்டாள். சாப்பாட்டையும் அவளே கையில் எடுத்துக்கொண்டாள். அவித்த மொச்சை, பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய தக்காளி, சுட்ட மீன். இதெல்லாம் நோயை விரட்டாது, ஆனால் ஊசி எலும்பையும் தசையையும் தின்னும், உடம்பும் ஊதும், அதற்குத்தான் நடையும் சாப்பாடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வக்தி தண்ணீர் பாட்டில்களை இரு கையிலும் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி விம்மினால் அவருக்கும் பொலபொலவென்று கண்ணீர் வந்தது; அதுவும் ஊசியின் வேலைதான். துணைக்கு அழ ஆள் கிடைத்ததில் இன்ஸாஃபுக்கு ஏக சந்தோஷம்.

ஒன்றைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. கூடத்து சோபாவில் தனியாகப் படுக்க ஆரம்பித்தார். சில நாள் பார்த்துவிட்டு, அவருடைய தலையணையை இன்ஸாஃப் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நான் இப்ப எதுக்கும் ஆக மாட்டேன்," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"யார் என்ன கேட்டா? குளிருது, வந்து படுங்க. அடுப்பு மாதிரி இருக்கீங்க, போர்வை மிச்சம்."

இந்த நிலையில்தான் காப்பிக் கடை வதந்தி, பய்யூமியின் மனைவி வழியாக இன்ஸாஃபின் காதுக்கு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், சும்மா விடவில்லை.

"அட, ஆமாங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவதான் அவ கிட்ட போவாரு. நானேதான் கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் பய்யூமி எழுந்து நின்று வக்தியின் கையைக் குலுக்கினார். "சம்சாரமே கூட்டிட்டுப் போறாங்களாமே! நீ சுல்தான்யா!"

வக்தி கோபத்தில் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "என்னடி சொல்லி வச்சிருக்க?"

"ஏன், அவங்க சொன்னப்ப நீங்க இல்லைன்னு சொன்னீங்களா?"

வக்தி இல்லையென்று சொல்லவில்லைதான். உண்மையைச் சொன்னால், அந்த வதந்தி அவருக்குக் கொஞ்சம் பிடித்தே இருந்தது. ஊசி பறித்துக்கொண்டதை ஊர் திருப்பிக் கொடுத்தது போல.

"இல்லாத பொண்டாட்டிக்கு மீச முறுக்குறீங்க, இருக்குற வியாதிக்கு வெக்கப்படுறீங்க," என்றாள் இன்ஸாஃப். இப்போது அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காப்பிக் கடையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார் வக்தி. புற்று, ஊசி, சூடு, சோபா வரைக்கும். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் பய்யூமி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, காதோடு கேட்டார்:

"ராத்திரி ஒண்ணுக்குப் போனா... நின்னுக்கிட்டே தூங்கிடுற அளவுக்கு நேரமாகுது. அது அதுதானா?"

"தெரியாது. டாக்டர்கிட்ட காட்டு."

"பொம்பள டாக்டராமே?"

"கண்ண மூடிக்க," என்றார் வக்தி. "நான் அப்படித்தான் செஞ்சேன்."

பய்யூமிக்கு வயதுக்கேற்ற வீக்கம் மட்டும்தான், புற்றில்லை என்று முடிவு வந்தது. அன்று தெருவில் பாதிப் பேருக்கு மீன் இலவசம். வக்தியின் ரத்தப் பரிசோதனையில் புற்றின் அளவைக் காட்டும் எண் வசந்தகாலத்தில் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. "ஊசி இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்," என்றார் டாக்டர் நெவீன். "நீங்களும் இருப்பீங்க."

இப்போது கடற்கரைச் சாலையில் காப்பிக் கடையே நடக்கிறது. பய்யூமி மூச்சு வாங்கிப் பின்தங்கி, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சுகிறார். வக்தி காதில் வாங்குவதேயில்லை.