கலியாண அழைப்பும் என் ஸ்டேட்டஸும்

தன் மகளின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடாமல் விடுவதற்காகத்தான் விபோர்க்கில் இருக்கும் நண்பன் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கினான் என்று நம்பினேன். ஐம்பது தாண்டிய நான், எதையும் வேடிக்கையாக்கும் பகிடிக்காரன் என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவன், இதை முழுதாக நம்பினேன்.

டென்மார்க்குக்கு வந்த புதிதில் அவனும் நானும் ஹோர்சன்ஸில் ஒரே தொழிற்சாலையில் இறைச்சி வெட்டியவர்கள். இருவருக்கும் ஒரே அறை, ஒரே நல்ல குளிர்ச்சட்டை. இப்போது அவன் எங்கள் ஆட்களின் குழுவுக்கு அட்மின். காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூக்கள், யாரோ வெட்டிய கேக், சர்க்கரை வியாதிக்குப் பாகற்காய்ச் சாறு, இவைதான் அந்தக் குழு. அதை மனதார வெறுத்தேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை வேலை இடைவேளையில் என்னை நீக்கிவிட்டதாகத் திரை சொன்னபோது கோப்பியைக் குடிக்காமலே ஊற்றிவிட்டேன். நான் வெறுக்கிற இடத்திலிருந்து என்னைத் துரத்த இவன் யார்?

பின்னேரம் மனைவியின் தங்கை ரண்டர்ஸிலிருந்து ஃபோன் எடுத்தாள்.

"அத்தான், குழுவில கலியாணக் கார்ட் போட்டிருக்கினம், பார்த்தனீங்களோ? வீடியோ. மாப்பிள்ளையும் பொம்பிளையும் முகிலுக்குள்ளால இறங்கி வருகினம்!"

"ஓம், ஓம், பார்த்தன். நல்ல முகில்."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "எடுத்துக் கேளுங்கோவன் அவரை."

"நான் ஏன் கேக்க? அவன் எடுக்கட்டும்."

"ஸ்லாப் அவ், அப்பா" என்றாள் மகள், கொஞ்சம் ஆறுதலாக இரு என்று டேனிஷில். அவளுக்கு என்ன தெரியும்? அவளை ஒருவரும் கலியாணத்திலிருந்து வெட்டவில்லை.

நேரில் ஒரு வார்த்தை கேட்க வாய் வராத எங்கள் ஆட்களுக்கென்றே யாரோ ஸ்டேட்டஸைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் குத்தலாம். கேட்டால், பொதுவாகப் போட்டது என்று நழுவலாம். சனிக்கிழமை காலை முழுவதும் குந்தியிருந்து ஒன்றைச் செதுக்கினேன்: 'வசதி வந்ததும் பழசை மறந்த பெரிய மனிதருக்கு வணக்கம்.' பக்கத்தில் கும்பிடுகிற கை. போட்டுவிட்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சோறு ஆறியது.

முதலில் எடுத்தவள் ரண்டர்ஸ் மச்சாள்தான். "அத்தான், நாங்கள் வீடு வாங்கினது உங்களுக்குக் கண்ணுக்க குத்துதோ?"

பிறகு வேலையிடத்துப் பெடியன். "அண்ணை, நான் போர்மன் ஆனதுக்கோ அது? முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாம்."

பொதுவாகப் போட்டது என்று இருவருக்கும் சத்தியம் செய்தேன். இருவரும் நம்பவில்லை. குத்து வாங்க வேண்டியவன் மட்டும் வாய் திறக்கவில்லை. ஞாயிறு காலை பார்த்தவர்களில் அவன் பெயரும் விழுந்தது. அவ்வளவுதான். திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் நானே எடுத்தேன்.

"என்னடா, என்னை ஏன் தூக்கினனி?"

"வீடியோ உன்ர கண்ணில படக்கூடாதெண்டுதான்" என்றான். குரலில் சூடே இல்லை. "அது தூரத்து ஆக்களுக்குப் போட்டது. உனக்கு ஃபோனிலயோ கலியாணம் சொல்லுறது? நெருங்கின ஆக்கள் எல்லாரையும் தூக்கிப்போட்டு, வீடு வீடாய்ப் போய்ச் சொன்னனாங்கள். ஞாயிற்றுக்கிழமை உன்னட்டை வரத்தான் வெளிக்கிட்டது. என்ர மனுசி குங்குமச் சிமிழோட காருக்க ஏறி இருந்திட்டா. அப்பதான் உன்ர ஸ்டேட்டஸைப் பார்த்தது."

"அது பகிடியடா மச்சான்."

"உன்ர பகிடி எனக்குத் தெரியும். இது பகிடி இல்லை."

"சரி, நான் இப்பவே வாறன். அங்க வைச்சு எனக்குக் கலியாணம் சொல்லு."

"வராதை" என்றான். வைத்துவிட்டான்.

அடுத்த மாதம் விபோர்க்கில் கலியாணம் நடந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் போகவில்லை.